கப்பல் சரக்கும் தபால் பார்சலும்: காலனிய மதராஸின் விற்பனை விளம்பரங்கள்

மதராஸில் அச்சு விளம்பரத்தின் வரலாறு 1785 அக்டோபர் 12-ஆம் தேதி தொடங்குகிறது. அரசாங்க அச்சாளராக இருந்த ரிச்சர்ட் ஜான்ஸ்டன் அன்று 'மெட்ராஸ் கூரியர்' என்ற வார இதழை வெளியிட்டார். நகரின் முதல் செய்தித்தாள் அதுதான். 1795-இல் 'மெட்ராஸ் கெஜட்' வந்தது. அரசாணைகள், லண்டன் பத்திரிகைகளிலிருந்து எடுத்த பழைய செய்திகள், வாசகர் கடிதங்கள் ஆகியவற்றோடு விற்பனை அறிவிப்புகளும் இந்த இதழ்களின் பக்கங்களை நிரப்பின. அன்றிலிருந்து 1947 வரை சரக்கு வந்த வழியும் மாறியது, வாங்கியவரும் மாறினார், அவரிடம் பேசிய மொழியும் மாறியது. கப்பலை நம்பியிருந்தவரை விளம்பரம் கோட்டையையும் தோட்ட வீடுகளையும் தாண்டவில்லை. ரயிலும் தபாலும் பரவிய பிறகே அது தமிழ்க் குடும்பங்களை எட்டியது. மருந்துப் புட்டியும் சோப்புக் கட்டியும்தான் அவ்வழியில் முன்னே சென்றன.

கப்பல் வந்த சேதி

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸில் வாழ்ந்த ஐரோப்பியருக்கு வேண்டிய சீமைச் சாமான்கள் பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வந்தன. அவற்றில் கணிசமானவை கம்பெனியின் சரக்கல்ல. கப்பல் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் சொந்த வியாபாரத்துக்கென்று கப்பலில் குறிப்பிட்ட இடம் ஒதுக்கும் சலுகை இருந்தது. அவர்கள் லண்டனில் வாங்கிய பொருள்களை மதராஸில் இறக்கி விற்று ஆதாயம் பார்த்தார்கள். அதனால் அக்கால விளம்பரம் கப்பலின் பெயரோடும் தலைவரின் பெயரோடும் தொடங்கியது. பொருளைச் செய்தவர் பெயரைவிடக் கொண்டுவந்த கப்பலின் பெயரே சரக்கு புதியது என்பதற்குச் சான்றாக நின்றது.

பட்டியலில் முதலிடம் மதுவுக்கு. கிழக்கே வரும் கப்பல்கள் மதீரா தீவில் நின்று வந்ததால் மதீரா ஒயின் ஏராளமாகக் கிடைத்தது. பிரெஞ்சு கிளாரட், பன்றித் தொடை இறைச்சி, பாலாடைக்கட்டி, ஊறுகாய், தொப்பி, காலுறை, சேணம், துப்பாக்கி, பீங்கான், காற்றில் மெழுகுவத்தி அணையாமல் காக்கும் கண்ணாடிக் கூண்டு, புத்தகம் என்று பட்டியல் நீளும். விலை நட்சத்திர வராகனில் சொல்லப்பட்டது. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-இல் ரூபாய் நிலையான நாணயமானபோது ஒரு வராகன் மூன்றரை ரூபாயாகக் கணக்கிடப்பட்டது.

சரக்கு கரை சேர்வதே ஒரு சோதனை. மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள் சென்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அலையைக் கடந்து வரும். ஆணி அடித்துச் செய்த படகு கரையில் மோதினால் பிளந்துவிடும் என்பதால் இவற்றின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். மோதும்போது படகு வளைந்து கொடுக்கும். துடுப்புப் போடுபவர்கள் அலையின் முதுகில் படகை ஏற்றிச் சரியான கணத்தில் கரையில் சேர்க்க வேண்டும். தவறினால் பீங்கான் பெட்டியும் ஒயின் பீப்பாயும் கடலுக்குத்தான். சேதமில்லாமல் வந்த சரக்கு என்று விளம்பரத்தில் சொல்வதற்கு அக்காலத்தில் உண்மையான பொருள் இருந்தது. துறைமுகக் கட்டுமானம் 1870-களில் தொடங்கி, 1881-இல் புயலால் சேதப்பட்டு, நூற்றாண்டின் இறுதியில்தான் முடிந்தது.

ஏலங்கள் இன்னொரு பெரிய பிரிவு. ஊர் திரும்பும் அதிகாரியும், காலமானவரின் சொத்தை நிர்வகிப்பவரும் வீட்டுச் சாமான் முழுவதையும் ஏலத்தில் விட்டார்கள். மேசை, கட்டில், பல்லக்கு, குதிரை வண்டி, வெள்ளிப் பாத்திரம், அரைகுறையாகத் தீர்ந்த ஒயின் இருப்பு வரை எல்லாம் பட்டியலில் வரும். ஐரோப்பியரின் மரண விகிதம் அதிகமாக இருந்த நகரில் ஒரே மேசை சில ஆண்டுகளில் பல வீடுகளுக்கு மாறுவது சாதாரணம். இந்த ஏலங்களில் ஐரோப்பியருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷிகளும், செட்டிமார்களும் வாங்கினார்கள். சீமைச் சாமான்கள் உள்ளூர்ப் பணக்காரர் வீடுகளுக்குப் போன வழிகளில் இதுவும் ஒன்று.

பனிக்கட்டியும் மவுண்ட் ரோடும்

தொலைவிலிருந்து வந்த சரக்குகளில் மிக விசித்திரமானது பனிக்கட்டி. பாஸ்டன் வணிகர் ஃப்ரெடரிக் டியூடர் 1833-இல் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஏரிப் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போக 100 டன் அளவுக்கு மிஞ்சியது. மரத்தூளில் பொதிந்து அனுப்பும் நுட்பம் பலித்ததும் மதராஸும் இந்த வணிகத்தில் சேர்ந்தது. கடற்கரையோரம் 1842-இல் கட்டப்பட்ட பனிக்கட்டிக் கிடங்கு 'ஐஸ் ஹவுஸ்' என்று பெயர் பெற்றது. அதே கப்பல்களில் அமெரிக்க ஆப்பிள்களும் வந்தன. நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே ஐஸ் செய்ய முடிந்தபோது, 1880 வாக்கில் இந்த வணிகம் படுத்தது. அந்தக் கட்டடம் பிறகு தனியார் வீடாகி, 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இடமாகி, இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விளம்பரத்தின் நாயகன் என்ற இடம் கப்பல் தலைவனிடமிருந்து கடைக்காரனுக்கு மாறியது. 1844-இல் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக்கடை தோன்றியது. கடிகாரத்துக்கும் வெள்ளிச் சாமானுக்கும் பி. ஆர் அண்டு சன்ஸ், துணிமணிக்கும் வீட்டுச் சாமானுக்கும் ஓக்ஸ் என்று மவுண்ட் ரோடு கடைவீதியாக வளர்ந்தது. 1860-களில் சார்லஸ் டூரண்டும் ஜே.டபிள்யூ. ஸ்பென்சரும் தொடங்கிய கடை, யூஜின் ஓக்‌ஷாட்டின் கையில் நாட்டின் மிகப் பெரிய அங்காடிகளில் ஒன்றாயிற்று. 1856-இல் ராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கிய ரயிலும், 1869-இல் திறந்த சூயஸ் கால்வாயும் இந்த வளர்ச்சிக்கு அடிப்படை. ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐந்தாறு மாதம் பிடித்த பயணம் நீராவிக் கப்பலில் ஒரு மாதத்துக்குள் அடங்கியது. சரக்கு எப்போது வருமென்று முன்கூட்டியே தெரிந்ததால் கடைக்காரரால் விலைப்பட்டியல் அச்சிட முடிந்தது. நீலகிரித் தோட்டத் துரைகளும் மாவட்டக் கலெக்டர்களும் அதைப் பார்த்து ஆர்டர் அனுப்பினார்கள்.

இந்தக் கடைகளின் விளம்பரம் 1868-இல் தொடங்கிய 'மெட்ராஸ் மெயில்' மாலைப் பத்திரிகையிலும், 'அசைலம் பிரஸ் அல்மனாக்' என்ற ஆண்டுக் கையேட்டிலும் பக்கம் பக்கமாக வந்தது. விற்றவை எல்லாம் சீமைச் சரக்கு என்றும் சொல்ல முடியாது. திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலையில் சுருட்டிய சுருட்டுகளை ஸ்பென்சர் 'ஃப்ளோர் டி திண்டிகல்' என்று ஸ்பானியப் பெயர் சூட்டி விற்றது. ஹவானாவுக்கு நிகரான மதிப்பைத் திண்டுக்கல்லுக்குத் தேடித்தர அந்தப் பெயர் தேவைப்பட்டது.

மருந்து முதலில் வந்தது

1878 செப்டம்பர் 20 அன்று ஒன்றேமுக்கால் ரூபாய்க் கடனில் 80 பிரதிகளோடு 'தி இந்து' தொடங்கியது. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' வார இதழைத் தொடங்கினார். 1899-இல் அது நாளிதழானது. இந்தியர் நடத்திய இந்தப் பத்திரிகைகளுக்குச் சந்தாத் தொகை மட்டும் போதாது. விளம்பர வருமானம் தேவைப்பட்டது. 1905-இல் இந்துவை வாங்கிய கஸ்தூரிரங்க ஐயங்கார் விளம்பரப் பிரிவை ஒழுங்குபடுத்தினார். 1958 வரை அந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் விளம்பரங்களே இடம்பெற்றன.

இந்தியப் பத்திரிகைகளில் வந்த பொருள் விளம்பரங்களில் மருந்துக்கே பெரும்பங்கு. இதற்குக் காரணங்கள் தெளிவானவை. ஆங்கில மருத்துவர் ஊருக்கு ஒருவர்கூட இல்லை. காலரா, மலேரியா, பிளேக், 1918-இன் இன்ஃபுளுயன்சா என்று நோய்கள் அடுத்தடுத்து வந்தன. மருந்துப் புட்டி சிறியது, எடை குறைந்தது, தபாலில் உடையாமல் போகும். சில அணாக்களில் வாங்கலாம் என்பதால் வாங்குபவர் பெரிதாக யோசிக்கத் தேவையில்லை.

சீமை மருந்துகளில் பீச்சம் மாத்திரை, ஹாலோவே மாத்திரை, ஈனோ உப்பு, 1851-இல் வில்லியம் உட்வர்ட் உருவாக்கிய கிரைப் வாட்டர் ஆகியவை புகழ்பெற்றவை. குளோரோடைன் இந்தியாவிலேயே பிறந்தது. ராணுவ மருத்துவர் காலிஸ் பிரவுன் 1848-இல் காலராவுக்காக அதைத் தயாரித்தார். அபின் சாறும் கஞ்சாச் சாறும் குளோரோஃபார்மும் கலந்த அந்த மருந்து இருமல் முதல் வயிற்றுப்போக்கு வரை எல்லாவற்றுக்கும் விற்கப்பட்டது. வலி நின்றது உண்மை. அபினுக்கு அந்தக் குணம் உண்டு.

நாட்டு மருந்துக்காரர்கள் இந்த முறையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். நோயாளியின் நாடி பார்த்து அவருக்கென்று மருந்து இடித்துக் கொடுப்பது வைத்தியரின் வழக்கம். விளம்பரத்துக்கு அது ஒத்துவராது. முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு ஒரே மருந்தை ஒரே அளவில் புட்டியில் அடைத்து, சீட்டு ஒட்டி, உபயோகிக்கும் முறையை அச்சிட்டுத் தர வேண்டியிருந்தது. மதராஸில் ஆயுர்வேதாசிரமம் நடத்திய பண்டித டி. கோபாலாசார்லு 'ஜீவாமிர்தம்' என்ற டானிக்கை அப்படி விற்றார். மைசூர்ச் சீமையிலிருந்து, 1913-இல் நிறுவப்பட்ட சத்வைத்தியசாலையின் நஞ்சன்கூடு பல்பொடி வந்தது. கரித்தூளும் வேப்பங்குச்சியும் பழகிய வாய்களுக்குப் பொட்டலத்தில் வந்த பல்பொடி ஒரு நாகரிகப் படியாகக் காட்டப்பட்டது.

இவற்றில் மிகப் பெரிய வெற்றி அமிர்தாஞ்சனம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் அதைத் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். தலைவலி தைலத்தில் வந்த லாபத்தில் 1908-இல் 'ஆந்திர பத்திரிகா'வை நிறுவி, 1914-இல் அதை மதராஸுக்குக் கொண்டுவந்தார். பத்திரிகை மருந்தை விற்றது. மருந்து பத்திரிகையை நடத்தியது. அக்கால இதழியலின் பொருளாதாரம் பல இடங்களில் இப்படித்தான் இயங்கியது.

சோப்பு, மண்ணெண்ணெய், அலுமினியம்

சோப்பு நுழைந்த கதை வேறு. தலைக்குச் சீயக்காய் அல்லது அரப்பு, உடம்புக்குப் பயத்தமாவும் மஞ்சளும், துணிக்கு வண்ணாரின் உவர்மண் என்று ஒவ்வொன்றுக்கும் தமிழ் வீட்டில் ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது. நோய்க்கு மருந்து தேடுபவரைப்போல் சோப்பைத் தேடுபவர் யாருமில்லை. தேவையையே விளம்பரம் உண்டாக்க வேண்டியிருந்தது. லீவர் சகோதரர்களின் சன்லைட் 1888-இல் இந்தியா வந்தது. 1895-இல் லைஃப்பாய் வந்தது. கிருமி, சுகாதாரம், வெண்மை என்ற சொற்கள் அவற்றின் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வந்தன.

சீமைச் சோப்பில் மிருகக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்ற தயக்கம் ஆசாரமான குடும்பங்களில் பலமாக இருந்தது. இந்தியத் தயாரிப்பாளர்கள் அதையே தங்கள் வலுவாக்கிக்கொண்டார்கள். 1918 முதல் கோத்ரெஜ் தாவர எண்ணெய்ச் சோப்பு செய்தது. மைசூர் அரசு 1916-இல் தொடங்கிய ஆலையிலிருந்து சந்தன சோப்பு வந்தது. மதராஸ் அரசாங்கமும் இதில் இறங்கியது. மீன்வளத் துறையைக் கட்டியெழுப்பிய ஃப்ரெடரிக் நிக்கல்சனின் காலத்தில், 1914-இல் மலபாரின் தானூரில் மீன் எண்ணெயை மூலமாகக் கொண்டு சோப்புத் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு அது கோழிக்கோட்டுக்கு மாறியது.

மண்ணெண்ணெய்க்கு இப்படிப்பட்ட வாதம் எதுவும் தேவைப்படவில்லை. ஆமணக்கெண்ணெய் விளக்கைவிட வெளிச்சம் அதிகம், செலவு குறைவு. நான்கு காலன் தகர டின்னில் வந்த எண்ணெய் தீர்ந்ததும் டின் தண்ணீர் வாளியாகவும் தானியப் பாத்திரமாகவும் கூரைத் தகடாகவும் மறுபிறவி எடுத்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் மதராஸைச் சுட்டபோது பற்றியெரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். நகரம் எந்த அளவுக்கு இந்தச் சரக்கைச் சேமித்து வைத்திருந்தது என்பதை அந்தத் தீ காட்டியது.

அலுமினியப் பாத்திரம் மதராஸிலேயே வேர்விட்ட பண்டம். ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அரசு கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். தொழில் நிலைபெற்றதும் அது தனியார் கைக்கு மாறியது. ஈயம் பூச வேண்டாம், எடை குறைவு, களிம்பு ஏறாது என்பவை அதன் சிறப்புகள். ஆனால் பித்தளையும் வெண்கலமும் பழசானாலும் எடைக்கு விலைபோகும், அடகு வைக்கலாம், சீராகக் கொடுக்கலாம். அலுமினியம் அந்த மதிப்பைப் பெறவில்லை. அதனால் கல்யாணச் சீரில் இடம் பிடிக்காமல் ஏழை வீட்டு அடுப்பிலும் உணவு விடுதியிலும் அது பரவியது.

சுதேசியும் பானங்களும்

1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் விளம்பர மொழியை மாற்றியது. அதுவரை 'சீமை' என்ற சொல்லே தரத்துக்கு அடையாளம். இப்போது 'சுதேசி' என்ற அடைமொழி துணி, தீப்பெட்டி, பென்சில், சோப்பு எல்லாவற்றிலும் ஏறியது. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய கப்பல் கம்பெனியின் பங்கு விற்பனையும் பத்திரிகை அறிவிப்புகளின் துணையோடு நடந்தது. வாங்குவது ஓர் அரசியல் செயல் என்ற எண்ணம் விளம்பரத்துக்குள் நிரந்தரமாக இடம்பிடித்தது. 1920-களில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து தொடங்கிய தீப்பெட்டி உற்பத்தி, சுவீடன் தீப்பெட்டிக்கு எதிரே நின்றது. பெட்டிக்கு ஒட்டும் வண்ணச் சீட்டு அச்சிடும் தேவையே அந்த ஊரை நாட்காட்டி அச்சுக்கு இட்டுச் சென்றது.

காப்பியும் தேயிலையும் எதிரெதிர் வழிகளில் வந்தன. காப்பி மத்தியதர வர்க்கத்தின் பழக்கமாகத் தானாகவே பரவியது. பரவிய பிறகு கொட்டை வறுத்து அரைப்பவர்கள் விளம்பரம் செய்தார்கள். தேயிலை விளம்பரத்தால் பரப்பப்பட்டது. 1903-இல் விதிக்கப்பட்ட தேயிலைத் தீர்வையிலிருந்து கிடைத்த பணம் பிரசாரத்துக்குச் செலவானது. 1930-களின் மந்தத்தில் ஏற்றுமதி விலை சரிந்தபோது உள்நாட்டுச் சந்தையைப் பிடிக்கும் முயற்சி தீவிரமானது. ரயில் நிலையங்களிலும் திருவிழாக்களிலும் இலவசக் கோப்பைகள் வழங்கப்பட்டன. தேநீர் தயாரிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லும் எனாமல் பலகைகள் தொங்கின.

வி.பி.பி. உலகம்

இவ்வளவு பண்டங்களும் மதராஸுக்கு வெளியே விற்கக் காரணம் தபால் துறை. 1877-இல் பார்சலைப் பெறும்போது பணம் கட்டும் வி.பி.பி. முறையும், 1879-இல் காலணா கார்டும், 1880-இல் அஞ்சல் மணியார்டரும் வந்தன. திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமத்திலிருந்து கடிகாரம் வாங்க விரும்புபவர் ஒரு கார்டு போட்டால் போதும். தம்புச் செட்டித் தெருவிலோ மின்ட் தெருவிலோ உள்ள வியாபாரி பார்சலைத் தபாலாபீசில் சேர்ப்பார். கிராமத்துத் தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். அந்தப் பணம் மணியார்டராக வியாபாரிக்குத் திரும்பும். வாங்குபவர் மறுத்தால் பார்சல் திரும்பிவிடும். தபால் செலவு வியாபாரிக்கு நஷ்டம். ஒருவரையொருவர் பார்த்திராத இருவருக்கிடையே அரசாங்கத் தபால்காரர் ஜாமீன்போல நின்றார்.

இந்த முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. பணம் கட்டிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும். படத்தில் கண்டது ஒன்று, பெட்டியில் இருப்பது ஒன்று என்ற புகார்கள் பெருகின. அதனால் நம்பிக்கையூட்டும் வாசகங்கள் விளம்பரத்தில் கட்டாய உறுப்புகளாயின. 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்', 'குணமில்லாவிடில் பணம் வாபஸ்', 'கேட்லாக் இனாம்', 'தபால் செலவு தனி', 'ஏஜெண்டுகள் தேவை' ஆகியவை எல்லா இதழ்களிலும் ஒரே மாதிரி வந்தன. கூடவே பொருளின் படம், வியாபாரக் குறி, தந்தி விலாசம். போலி முத்திரைகளைத் தடுக்க 1889-இல் சரக்கு முத்திரைச் சட்டமும் 1940-இல் வணிகக் குறிச் சட்டமும் வந்தன.

இந்த உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர் எஸ்.எஸ்.வாசன். விளம்பரம் சேகரிப்பதும் தபால் வழி வணிகமும் அவருடைய ஆரம்பத் தொழில்கள். 1926-இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய 'ஆனந்த விகடன்' இதழை 1928-இல் வாங்கி, நகைச்சுவையும் கதையும் போட்டிகளும் கலந்து விற்பனையைப் பெருக்கினார். விற்பனை பெருகியதால் பெரிய கம்பெனிகளின் விளம்பரங்கள் வந்தன. பெண்களும் படிக்கும் இதழ் என்பதால் சோப்பு, கூந்தல் தைலம், குழந்தை உணவு, சமையல் கொழுப்பு ஆகியவை வரிசையாக இடம்பிடித்தன. 1929-இல் இந்தியாவுக்கு வந்த லக்ஸ் சோப்பு 1941-இல் நடிகை லீலா சிட்னிஸைத் தன் விளம்பர முகமாக்கியது. 1937-இல் டால்டா வந்தது. கப்பல் தலைவன் இருந்த இடத்தில் இப்போது சினிமா நட்சத்திரம் நின்றார்.

அதே பக்கங்களில் தாது புஷ்டி லேகியங்களும், ஒகாசா போன்ற இளமை மாத்திரைகளும், வசிய மோதிரங்களும் கடை விரித்தன. இவற்றைக் கண்டித்து அதே பத்திரிகைகள் தலையங்கம் எழுதுவதும் உண்டு. விளம்பரமே வேண்டாம் என்று காந்தி தம் இதழ்களில் எடுத்த நிலை மற்றவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. குணமாக்கும் என்று பொய் சொல்லும் மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-இல்தான் வந்தது.

விளம்பரம் சொல்லாதவை

விளம்பரத்தை வரலாற்று ஆதாரமாகக் கொள்பவர்கள் அதன் எல்லைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். அது விற்க நினைத்ததைச் சொல்கிறது. எவ்வளவு விற்றது என்று சொல்வதில்லை. ஒரே விளம்பரம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வந்தால் அந்தப் பொருள் செலவுக்கு மேல் சம்பாதித்தது என்று ஊகிக்கலாம். இரண்டு வாரத்தில் மறைந்தால் தோற்றது என்று கொள்ளலாம். இதற்கு மேல் துல்லியம் வேண்டுமானால் சுங்கக் கணக்கையும் தபால் துறை அறிக்கையையும் கம்பெனிப் பேரேடுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எழுத்தறிந்தவர் குறைவாக இருந்த மாகாணத்தில் அச்சு விளம்பரம் நேரடியாகத் தொட்டது ஒரு சிறு பகுதியை. மற்றவர்களுக்குச் செய்தி சென்றது தண்டோரா, சந்தைக் கூவல், சுவரொட்டி, துணிமூட்டையில் ஒட்டிய கடவுள் படச் சீட்டு ஆகியவற்றின் வழியே. மான்செஸ்டர் ஆலைகள் தங்கள் துணியை அடையாளம் காட்ட லட்சுமியையும் கண்ணனையும் அச்சிட்டு அனுப்பின. வாங்கியவர்கள் அந்தச் சீட்டைப் பிரித்துப் பூஜைச் சுவரில் ஒட்டினார்கள்.

தமிழ்க் குடும்பத்தின் பெருஞ்செலவு எதுவும் விளம்பரப் பத்தியில் காணக் கிடைக்காது. அரிசி, உப்பு, புளி, விறகு, நல்லெண்ணெய், கைத்தறிச் சேலை, மண்பானை ஆகியவை விளம்பரம் இல்லாமலே தெரிந்த கடையில், தெரிந்த நெசவாளரிடம், பெரும்பாலும் கடனுக்கு வாங்கப்பட்டன. அறிமுகம் இல்லாத இருவரிடையே ரொக்கத்துக்கு நடந்த வணிகத்துக்குத்தான் விளம்பரம் தேவைப்பட்டது. ஆகவே காலனிய மதராஸின் விளம்பரங்கள் நகரத்தின் முழு நுகர்வுக்குப் பட்டியல் ஆகா. எந்தெந்தப் பண்டங்களில் தெரிந்த கடைக்காரரின் இடத்தை அச்சிட்ட பெயர் பிடித்துக்கொண்டது, எந்த ஆண்டுகளில் பிடித்துக்கொண்டது என்பதற்கு அவை நம்பத்தக்க பதிவு.